சரக்கு வண்டியின் பிரேக்: பழுதறிதலும் பராமரிப்பும்

காய்கறி, வாழைத்தார், உர மூட்டை ஆகியவற்றை ஏற்றி இறக்க இன்று பல விவசாயிகள் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சினில் சிறு சத்தம் கேட்டாலும் உடனே பட்டறைக்குப் போகிறவர்கள், பிரேக் விஷயத்தில் மட்டும் "இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கிறது" என்று நாளைக் கடத்துவதைப் பார்க்கிறோம். சமவெளிச் சாலையில் இது எப்படியோ ஓடிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையிலோ, 27 வளைவுகள் கொண்ட திம்பம் மலைப் பாதையிலோ பாரத்துடன் இறங்கும்போது ஓடாது. பிரேக் பெரும்பாலும் திடீரென்று கெடுவதில்லை. முன்கூட்டியே பெடல் வழியாக அறிவிப்புக் கொடுக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் முறையை இங்கு காண்போம்.

பிரேக் வேலை செய்யும் விதம்

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டு செல்கிறது. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன் சக்கரங்களில் டிஸ்க்கும் பேடும், பின் சக்கரங்களில் டிரம்மும் ஷூவும் இருக்கும். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் என்னும் உறுப்பு நம் காலின் பலத்தைப் பெருக்கித் தருகிறது. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாயில் காற்று புகுந்தால் பிரேக் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

பெடல் காட்டும் அறிகுறிகள்

1. பெடல் பஞ்சு போல் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

2. முதல் மிதியில் ஆழமாக இறங்கி, அடுத்தடுத்து மிதிக்கும்போது உயர்ந்து கெட்டியாக நின்றால், பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஷூவைச் சரிக்கட்ட வேண்டும். லைனிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

3. காலை ஊன்றிப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே கசிவே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கெட்டிருக்கும். இந்நிலையில் வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது.

4. பெடல் கல் போல் இறுகி, பலமாக மிதித்தாலும் பிடிப்பு குறைவாக இருந்தால் பூஸ்டரைச் சோதிக்கவும். எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் பூஸ்டரோ, அதற்கு வரும் வாக்குவம் குழாயோ பழுது.

5. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சமப்படுத்தவும். அதன் பிறகும் வலப்பக்கம் இழுத்தால் பழுது பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் பிடிக்காததால்தான் வண்டி மறுபக்கம் திரும்புகிறது.

6. சிறிது தூரம் ஓட்டி நிறுத்திச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு போய்ப் பார்க்கவும், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சேற்றிலும் தண்ணீரிலும் போகும் வண்டிகளில் கேலிப்பர் பின்னும் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருவேறி இறுகுவது சகஜம்.

ஆயில் குறைந்தால்

பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் மெல்லக் குறையும், இது இயற்கை. வேகமாகக் குறைந்தால் கசிவு உண்டு. இரண்டிலுமே, காரணம் பார்க்காமல் ஆயிலை ஊற்றி நிரப்புவது நோயை மறைப்பதாகும். குழாய் இணைப்புகள், ரப்பர் ஹோஸ்கள், சக்கரங்களின் உட்புறம் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும். சிந்திய உரம் இரும்புக் குழாய்களை அரித்துவிடும். ஆகவே உரம் ஏற்றி இறக்கிய பின் வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவ வேண்டும்.

வண்டிப் புத்தகத்தில் சொல்லியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலை மட்டுமே ஊற்றவும். எஞ்சின் ஆயில் சிறிது கலந்தாலும் ரப்பர்கள் அனைத்தும் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் இது 140 டிகிரி வரை இறங்கக்கூடும். எனவே புத்தகம் வேறுவிதமாகக் கூறாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுவது நல்லது.

காற்றை வெளியேற்றுதல்

இதற்கு இரண்டு பேர் தேவை. சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள சக்கரத்தில் முடிப்பது பொது முறை. பிளீடர் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறு முனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தவும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை இவ்வாறு செய்து, இடையிடையே டப்பாவை நிரப்பவும். வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றக்கூடாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் பட்டறையில் செய்வதே சரி.

பேடும் லைனிங்கும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கவும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு.

பட்டை சேர்ப்பதில் ஒரு கேடு

அதிகப் பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்க்கிறார்கள். பல பிக்கப்களில் பின் அச்சுடன் கம்பியால் இணைந்த வால்வு ஒன்று, பாரத்தால் வண்டி தாழ்வதை அறிந்து பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. பட்டை சேர்த்தால் வண்டி தாழ்வதில்லை. வால்வு, வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பாரம் முழுவதையும் முன் பிரேக்கே தாங்க நேரிடும்.

மலை இறங்கும்போது

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைப்பதும் உயிருக்கு ஆபத்து. எஞ்சின் நின்றால் பூஸ்டரும் உதவாது. கருகிய வாடை வந்தாலோ பெடல் ஆழமாக இறங்கினாலோ, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரமாவது ஆற விடவும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும். ஆறிய பின்னும் பெடல் மேலே வராவிட்டால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

சந்தைக்குப் புறப்படுமுன் ஆயில் மட்டத்தைப் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் இறங்காமல் நின்றால் பாரம் ஏற்றலாம். இறங்கினால் அன்றைய சரக்கை வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள். வாடகை நஷ்டம் ஒரு நாளோடு போகும்.