கணிப்பொறிக்குள் ஒரு குகை
(இரண்டாமாண்டு மாணவி, பி.எஸ்ஸி. கணிதம்)

கதை கேட்பது தமிழருக்குப் புதிதன்று. கேட்பவர் வாய் திறந்தால்தான் கதை நகரும் என்பதும் புதிதன்று. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. மன்னன் பதில் சொன்னதும் மறுபடி மரம் ஏறிவிடுகிறது. ஏறக்குறைய இந்த வேதாளத்தின் வேலையைச் செய்யும் கணிப்பொறி விளையாட்டு ஒன்றைப் பற்றி நண்பர்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

இதில் படம் இல்லை, ஓசை இல்லை. நாம் எங்கே நிற்கிறோம், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று திரையில் சில வரிகள் தோன்றும். அடுத்துச் செய்வதை நாம் தட்டச்சு செய்ய வேண்டும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' போன்ற சிறு கட்டளைகள் போதும். அதற்கேற்பக் கதை நகரும்.

இவ்வகையில் புகழ்பெற்ற முதல் விளையாட்டை 1976-ஆம் ஆண்டளவில் வில் குரௌதர் என்ற அமெரிக்கர் எழுதினார். அவர் கணிப்பொறி வல்லுநர். குகைகளை அளந்து வரைபடம் வரைவதிலும் ஈடுபாடு மிக்கவர். கெண்டக்கி மாநிலத்தின் மாமத் குகைதான் உலகிலேயே மிக நீளமானதாக அறியப்பட்ட குகை. 1972-இல் அதற்கும் பக்கத்துக் குகைக்கும் இடையே வழி கண்டுபிடித்த குழுவில் அவர் மனைவி பட்ரீசியாவும் இருந்தார். பிறகு அவர்கள் மணவாழ்வு முறிந்தது. தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக, தாம் அறிந்த குகையையே குரௌதர் சொற்களால் கட்டினார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அதே ஆண்டில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 'சோர்க்' எழுதத் தொடங்கினர். படங்கள் வந்தபின் வணிகம் படுத்துவிட்டது. ஆனால் ஆர்வலர்கள் விடவில்லை. 1995 முதல் இதற்கென ஆண்டுதோறும் போட்டியே நடக்கிறது.

எப்படி ஆடுவது? முதலில் ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் கட்டமாக வரைந்து கோடுகளால் இணைக்க வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கினருக்கு இது எளிது. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை. முல்லைப் பெரியாறு தெற்கே கூடலூர்ப் பக்கமிருந்து வடக்கே வருகிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'இடது, வலது' என்றா வழி சொல்கிறார்கள்? 'மேற்கே போய் வடக்கே திரும்பு' என்றுதானே! விளையாட்டும் அப்படித்தான் பேசும்.

ஆனால் குகையில் ஒரு சுற்றுவழி உண்டு. எல்லா அறைகளுக்கும் ஒரே வருணனை. வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடம் வராது. இங்கே கையிலுள்ள பொருளை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். கணிதம் படிப்போர் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது.

தமிழ் வழியில் படித்து வந்த நான், அகராதியும் கையுமாக இதை ஆடினேன். பாடநூல் ஆங்கிலத்தைப் புரியாமலே ஒப்பித்துவிடலாம். இங்கே புரியாவிட்டால் நகர முடியாது. குகைக்குள் ஒரு பறவை. என்னிடம் பிரம்புக் கூண்டு இருக்கிறது, வழியில் எடுத்த கறுப்புக் கோலும் இருக்கிறது. பறவை பிடிபடவே இல்லை. (தாமே ஆட விரும்புவோர் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்க.)

அம்மா திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இரண்டாம் நாள் இரவு அந்தக் கட்டத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். உடனே, "கையில கம்ப வச்சுக்கிட்டுப் போனா எந்தக் குருவிடி கிட்ட வரும்? கீழ போட்டுட்டுப் போ" என்றார். அதுவே விடை! பிடித்த பறவையைப் பின்னர்ப் பாம்பின்முன் விட்டால் அது பாம்பை விரட்டும். நல்ல புதிர் என்பது இதுதான்: விடை வருணனைக்குள்ளேயே இருக்கும், உலகம் அறிந்தவர் கண்டுகொள்வார். அம்மாவுக்கும் அந்தக் குகைக்கும் நடுவே நின்றது ஆங்கிலம் ஒன்றே.

ஆகவே தமிழில் ஒன்று எழுத முனைந்துள்ளேன். இலக்கணம் இங்கே பெருந்துணை. ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாறினால் பொருள் கெடும். தமிழில் 'பறவையைக் கூண்டில் அடை', 'கூண்டில் பறவையை அடை' இரண்டும் ஒன்றே. எதை, எங்கே என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. தொல்லையும் உண்டு. மரம் 'மரத்தை' ஆகிறது, ஆறு 'ஆற்றை' ஆகிறது. 'பறவையைக்' என்பதன் கடைசிக் 'க்'கைப் பொறி தள்ளிவிட்டுப் படிக்க வேண்டும். 'வெளக்க எடு' என்று அம்மா பேசுவதுபோல் தட்டினாலும் புரிய வேண்டும்.

இன்னொரு சிக்கல்: ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில் பொறி ஆடுபவரை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? அம்மாவைக் கேட்டேன். "யாரு எவருன்னு தெரியாம எப்புடி நீன்னு கூப்பிடும்?" என்றார். 'நீங்கள்' என்றே எழுதி வருகிறேன். சுருளி அருவிப் பாதையில் தொடங்கி இதுவரை பதினோரு இடங்கள் முடிந்துள்ளன. குகை வாயிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன்.