ஆரி வகுப்பை டிரைவில் வைத்து விற்கப்போகும் தங்கைகளுக்கு

வீட்டு முன்னறையில் ஸ்டாண்டு போட்டு நாலைந்து பேருக்கு ஆரி வேலை சொல்லிக்கொடுத்த பெண்கள் பலர், இப்போது அதையே வீடியோவாக எடுத்து வெளியூர்ப் பெண்களுக்கும் விற்க நினைக்கிறார்கள். நல்ல ஆசை. அதற்காக நகையை அடகு வைத்து ஆப் செய்ய வேண்டாம். கூகுள் டிரைவ், வாட்ஸ்அப், யுபிஐ மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் லிங்க் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். பணம் கட்டிய பெண்ணின் கைக்கு ஊசி படியும் வரை நம் வேலை முடியாது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதை ஒட்டித்தான்.

1. வீடியோ எடுப்பதற்கு முன் ஒரு பேட்ச்சுக்காவது நேரில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் பாடத்திட்டம்.

2. கேமராவை மேலே மட்டும் வைத்தால் பாதிப் பாடம்தான் பதிவாகும். ஆரியில் வலது கை மேலே ஊசி பிடிக்கிறது. வித்தையெல்லாம் துணிக்கு அடியில் நூல் பிடிக்கும் இடது கையில் இருக்கிறது. ஊசி இறங்கியதும் நூலைக் கொக்கியில் எப்படிச் சுற்றிக் கொடுக்கிறீர்கள், ஊசியை அரைச்சுற்றுத் திருப்பும்போது நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பது மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. புதிதாகப் பழகும் பெண்ணுக்கு நூல் நழுவுவதும், கொக்கி துணியில் மாட்டி இழுப்பதும் அங்கேதான். ஸ்டாண்டுக்கு அடியில் இன்னொரு போனை வைத்து, சின்ன விளக்கு ஒன்றும் போட்டு, அதே தையலைக் கீழிருந்து எடுங்கள். திருகு வைத்த பிடி உள்ள ஊசி என்றால், கொக்கி இருக்கும் பக்கமும் திருகும் நேராக இருக்க வேண்டும் என்பதை முதல் வீடியோவிலேயே கிட்டத்தில் காட்டுங்கள். திருகைப் பார்த்தே கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்வாள். விலை உயர்ந்த கேமராவை விட இந்த அடிப்பக்கக் காட்சிக்கு மதிப்பு அதிகம்.

3. ஒரு வீடியோவில் ஒரு தையல் போதும். செயின் ஸ்டிச் தனி, சமிக்கி வைப்பது தனி, ஜர்தோசி தனி. அளவையும் கவனியுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் சுருக்கிய ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 900 எம்பி வரும். சுருக்காமல் போனிலிருந்து அப்படியே ஏற்றினால் அதைப் போலப் பல மடங்கு. ஹேண்ட்பிரேக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் எம்பி4 ஆக, 720பி அளவில் மாற்றிக்கொள்ளுங்கள். நூல் இழை தெளிவாகத் தெரிய வேண்டிய பாடங்களுக்கு மட்டும் 1080பி வையுங்கள். பார்க்கிறவள் தினசரி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவளாக இருப்பாள். கோப்புகளின் பெயரை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்குங்கள். எந்தப் போனில் திறந்தாலும் வரிசை கலையாது.

4. வகுப்புக்கென்று தனி ஜிமெயில் கணக்கு. இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் உண்டு. ஆனால் அது மெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. பேரன் பேத்தி படங்கள் இருக்கும் கணக்கில் பாடத்தையும் வைத்தால் இரண்டும் நெருக்கியடித்துக்கொள்ளும். கணக்கு தொடங்கிய அன்றே இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் சொந்த, நடப்பில் உள்ள எண்ணையே கொடுங்கள்.

5. யார் யாருக்குக் கதவு திறக்கிறது என்பதில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று வைத்தால், ஒருத்தி தன் அக்காவுக்கு அனுப்புவாள், அக்கா தோழிக்கு அனுப்புவாள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாணவியின் மெயில் ஐடியை வாங்கி, அதற்கு மட்டும் பார்க்கும் உரிமை கொடுங்கள். இதைவிடச் சுலபமான வழி, பேட்ச்சுக்கு ஒரு கூகுள் குரூப் தொடங்கி, ஃபோல்டரை அந்த குரூப்புக்குப் பகிர்வது. புதிதாகச் சேர்கிறவளைக் குரூப்பில் சேர்த்தால் அவளுக்கு எல்லாப் பாடமும் திறக்கும்; காலம் முடிந்ததும் எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். உறுப்பினர் பட்டியலை நிர்வாகி மட்டும் பார்க்கும்படி குரூப்பின் அமைப்பில் கட்டாயம் மாற்றுங்கள். நம்மை நம்பிக் கொடுத்த பெண்களின் மெயில் ஐடி அடுத்தவர் கண்ணில் படக்கூடாது.

பலருக்குத் தங்கள் மெயில் ஐடியே தெரியாது, போன் வாங்கிய கடையில் தம்பி யாரோ போட்டுக் கொடுத்திருப்பார். ‘டைப் செய்து அனுப்புங்கள்’ என்றால் ஓர் எழுத்து மாறிப் போகும். பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடச் சொல்லி, அந்த ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து நீங்களே டைப் செய்யுங்கள்.

6. வீடியோக்களுக்கு டவுன்லோட், பிரின்ட், காப்பி மூன்றையும் நிறுத்தும் வசதி பகிர்வு அமைப்பில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். டிசைன் தாளுக்கு மட்டும் இந்தத் தடையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் பிரின்ட் எடுக்க முடியாது. இன்னொன்று, பிரின்ட் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிவிடுவார்கள், கழுத்து டிசைன் அரை இஞ்ச் குறைந்து பிளவுஸில் உட்காராது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 2 இஞ்ச் சதுரம் ஒன்று வரைந்து, ‘பிரின்ட் எடுத்ததும் டேப்பால் இதை அளந்து பாருங்கள், 2 இஞ்ச் இல்லாவிட்டால் 100 சதவீதத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்’ என்று எழுதி வையுங்கள். பட்டுத் துணியில் வேலையைத் தொடங்கிய பிறகு அழுகிற பெண்ணை அந்தச் சின்னச் சதுரம் காப்பாற்றும்.

7. டவுன்லோடை நிறுத்தினாலும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்கிறவர்கள் செய்வார்கள். டெலிகிராமில் நம் வீடியோவைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். வீடியோவின் நடுவில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில் உங்கள் பெயரை மங்கலாகப் போடுங்கள். கண்டால் அந்தத் தளத்துக்குக் பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள். பதிப்புரிமை படைத்த அன்றே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதே சட்டம் நம்மையும் கட்டும். பாடம் எடுக்கும்போது பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடக்கூடாது.

8. பணம் வந்ததா என்பதை வங்கிக் கணக்கில் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள், போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது சுலபம். பணம் திரும்பத் தருவீர்களா, எத்தனை நாளுக்குள், பாடம் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜிஎஸ்டி பதிவைப் பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள். மலேசியா, வளைகுடா என்று வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தொடங்கினால் அந்த வரம்பை நெருங்கும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

9. வாரத்தில் இரண்டு நாளை மாணவிகளின் வேலையைத் திருத்த ஒதுக்குங்கள். துணியின் முன்பக்கப் படம் ஒன்று, பின்பக்கப் படம் ஒன்று, இரண்டையும் கேளுங்கள். பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும், நூல் எங்கே தொய்ந்தது, முடிச்சு எங்கே போடாமல் விட்டாள் என்று. பதிலை வாய்ஸ் மெசேஜாக, அவள் பேரைச் சொல்லி அனுப்புங்கள். திருடிய வீடியோவைப் பார்க்கிறவளுக்கு இது கிடைக்காது. எத்தனை பேருக்கு இப்படித் திருத்த முடியுமோ, பேட்ச்சில் அத்தனை பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபீஸையும் இந்த உழைப்பைக் கணக்கிட்டே வையுங்கள்.

10. குறுகிய நேரத்தில் நிறையப் பேர் ஒரே கோப்பைப் பார்த்தால் டிரைவ் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிடும், மறுநாள்வரைகூடக் காத்திருக்க நேரலாம். அடிக்கடி அப்படி ஆனால் வேறு இடம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பில், குறித்த நேரத்தில் காலாவதியாகும் லிங்க் தரலாம். ஆனால் அங்கே வைத்திருப்பதற்கு மட்டுமல்ல, மாத இலவச அளவைத் தாண்டி வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம் உண்டு. 900 எம்பி வீடியோவை நூறு பேர் ஒருமுறை பார்த்தாலே 90 ஜிபி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

11. டிரைவில் இருப்பது ஒரு பிரதிதான். சுருக்காத மூல வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இன்னொன்று என்று வையுங்கள். பாடத்தில் திருத்தம் வந்தால் பழையதை அழித்துப் புதிதாக ஏற்றாமல், அதே கோப்பில் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். மாணவிகளிடம் இருக்கும் லிங்க் மாறாது.