ஏற்றியும் இறக்கியும்: குவாண்டம் அதிர்வுக்கு இரு தீர்வுகள்

வில்சுருளில் எடையைக் கட்டி இழுத்து விட்டால் அது மேலும் கீழும் ஆடும். பள்ளியில் கண்ட இந்த ஆட்டத்தை அணு உலகிற்குக் கொண்டு சென்றால் கிடைப்பதே ‘குவாண்டம் ஹார்மோனிக் ஆசிலேட்டர்’. இதைத் தீர்க்க இரு வழிகள் உள்ளன. விடை ஒன்றுதான் என்றால் இரண்டையும் ஏன் கற்க வேண்டும்? பார்ப்போம்.

முதல் வழி: வகைக்கெழுச் சமன்பாடு

1926-இல் சுரோடிங்கர் தந்த சமன்பாட்டைத் தக்க அலகுகளில் சுருக்கினால்:

அ″ + (ஈ − ய²) அ = 0

இங்கு அ அலைச்சார்பு, ய இடம், ஈ என்பது ஆற்றலை அரைக் குவாண்டத்தால் வகுத்த எண். தூரத்தில் அலை மறைய வேண்டும் என்பதால், அலைச்சார்பை ஓர் அடுக்குத்தொடராகவும் விரைந்து தேயும் அடுக்குக்குறிச் சார்பாகவும் பிரித்துப் பெருக்கி எழுதுகிறோம். தொடர் முடிவின்றி நீண்டால் அலை பெருகிவிடும். அது நிற்க வேண்டுமானால் ஈ = 1, 3, 5... என்றே இருக்க வேண்டும். ஆகவே ஆற்றல் ½, 1½, 2½ குவாண்டம். நின்ற தொடர்களே ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவைகள்.

இரண்டாம் வழி: செயலிகள்

‘வ’ என்பது ய-ஐப் பொறுத்து வகையிடும் செயல் எனக் கொள்வோம்.

இறக்கி = (ய + வ)/√2
ஏற்றி = (ய − வ)/√2

வரிசையை மாற்றிப் பெருக்கிக் கழித்தால்:

இறக்கி·ஏற்றி − ஏற்றி·இறக்கி = 1

குவாண்டம் அலகில் ஆற்றல் = ஏற்றி·இறக்கி + ½. ஏற்றி ஒரு படி உயர்த்தும். இறக்கி ஒரு படி தாழ்த்தும். ஆற்றல் எதிர்மமாக இயலாது. எனவே அடிப்படி ஒன்று உண்டு. அங்கே இறக்கி செயல்பட்டால் சுழியம்: அ′ = −ய அ. இந்த முதல் வரிசைச் சமன்பாட்டை இரண்டே வரியில் தீர்க்கலாம். ஆற்றல் ½ குவாண்டம், அதே விடை!

ராமன் கண்ட படிகள்

இது வெறும் கணித உத்தியா? இல்லை. 1928-இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் சிதறிய ஒளியில் புதிய நிறங்களைக் கண்டனர். மூலக்கூறு ஒரு படி ஏறினால் சிதறும் ஒளியின் ஆற்றல் குறையும், இறங்கினால் கூடும். அடிப்படியில் இருப்பதை இறக்க முடியாது. ஆகவே ஆற்றல் கூடிய கோடு மங்கலாகவே தெரியும்.

சித்தியவான் தோட்டங்களில் பால்வெட்டி எடுத்த ரப்பரும் இதற்குச் சான்று. அதிலுள்ள கார்பன் இரட்டைப் பிணைப்பின் ராமன் கோடு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,664 அலைகள் என்னும் அளவில் அமைகிறது. கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் அடிப்படியில் ஏறத்தாழ 3,000 அதிர்வுகள் இருக்க, முதற்படியில் ஒன்றே இருக்கும்.

சமன்பாடு அலையின் வடிவத்தைத் தருகிறது. செயலி அதன் போக்குவரத்தைக் காட்டுகிறது. இரண்டும் தேவை.

ஆறாம் ஆண்டோடு தமிழில் அறிவியல் படிப்பதை நிறுத்தியவர்கள் நம்மில் பலர். விரிவுரையில் மனப்பாடம் செய்த செயலிகளை ‘ஏற்றி’, ‘இறக்கி’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெயரே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.