முதலில் ரசீது கேளுங்கள், தம்பி

குற்றாலத்தில் சீசன் கடை போடும் இளைஞர் ஒருவர் கேட்கிறார்: "புதுக் கட்சியில் கிளைச் செயலாளர் பொறுப்பு தருகிறார்கள். தலைவர் முகத்துக்கே ஓட்டு விழும் என்கிறார்கள். பிளக்ஸ், வேன் செலவுக்கு நாற்பதாயிரம் நான் போட வேண்டுமாம். சேரலாமா?"

சேருவது உங்கள் உரிமை, தம்பி. கடன் வாங்கிச் சேராதீர்கள். சாரல் நின்றுபோனால் கடையில் சிப்ஸ் பாக்கெட் அப்படியே தொங்கும். வட்டி மட்டும் நிற்காது.

முகத்துக்கு ஓட்டு விழும்தான். ஆனால் 2021-இல் உங்கள் தென்காசித் தொகுதியில் வெற்றி தோல்வியைப் பிரித்தது வெறும் 370 ஓட்டு. நீதிமன்ற உத்தரவுப்படி 2023-இல் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணினார்கள். இப்படிப்பட்ட தொகுதியில் காலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க வந்து உட்கார்ந்து, சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காத பூத் ஏஜென்ட் வேண்டும். உங்கள் தெரு பூத்துக்கு அப்படி யார் இருக்கிறார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியவில்லையென்றால், அங்கே கட்சி இன்னும் பிறக்கவில்லை, கூட்டம்தான் இருக்கிறது.

எம்.ஜி.ஆர். கதையை எடுத்துச் சொல்வார்கள். அதை முழுசாகக் கேளுங்கள். 1972 அக்டோபரில் தி.மு.க.வின் பொருளாளராக இருந்தபோது திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் அவர் கேட்டது கட்சிக் கணக்கு. நீக்கப்பட்டார், அதே மாதம் 17-ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்கள் கிளைகளாக மாறின. முகம் அவருடையது, தூக்கி நிறுத்தியது அந்த மன்றத்து ஆட்கள்.

ஆப்பிரிக்காவிலும் இதைப் பார்க்கலாம். ஜாம்பியாவில் மைக்கேல் சாட்டா 2001-இல் தேசபக்த முன்னணியைத் தொடங்கி, நகரத்து ஏழைகளிடமும் சுரங்கத் தொழிலாளர்களிடமும் அவர்கள் பாஷையிலேயே பேசி, 2011-இல் அதிபரானார். பத்து வருட உழைப்பு. ஆனால் 2014-இல் அவர் பதவியிலேயே இறந்ததும் அடுத்தவர் யார் என்று கட்சிக்குள் அடிதடி; 2021-இல் ஆட்சி போனது. அதனால் இதையும் கேளுங்கள்: கிளைச் செயலாளரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, மேலிருந்து நியமிக்கிறார்களா? நியமித்தவர் ஒரே போனில் நீக்கவும் செய்வார்.

வாக்குறுதிகளை "இலவசம்" என்று இளக்காரமாகப் பேசாதீர்கள். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்காவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் என்ன என்று அவளைக் கேட்டால் தெரியும். கேட்க வேண்டியது, பணம் எங்கிருந்து வரும் என்பதை. தேர்தல் அறிக்கையில் அதைக் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதியே சொல்கிறது.

ஆள் திரட்டும் வேலை உங்கள் தலையில் விழும். கைக்குழந்தையோடு வரும் யாரையும் வேனில் ஏற்றாதீர்கள். குடிக்கத் தண்ணீரும் வெளியேற வழியும் எங்கே என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 உயிர் போனதை மறக்க முடியாது. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த நாற்பதாயிரம்? இருபதாயிரத்துக்கு மேல் நன்கொடை தருபவரின் விவரத்தைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "என் பெயருக்கு ரசீது போடுங்கள், வங்கி வழியாகத் தருகிறேன்" என்று இன்றைக்கே சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.