விளையாட்டு இதழியல்: தாம்பரம் பக்கம் எதைப் படிக்கலாம்?

தாம்பரம், வண்டலூர், வேளச்சேரி வட்டாரத்துக் கல்லூரிகளின் விண்ணப்பங்களில் இதழியல் இருக்கும், விஸ்காம் இருக்கும், உடற்கல்வியும் இருக்கும். ‘விளையாட்டு இதழியல்’ என்ற பெயரிலேயே மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். பிரிட்டனில் அந்தப் பெயரில் பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. இங்கே அது பொது இதழியலுக்குள் ஒரு தாளாக வரும், அல்லது ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்து ஒரு பயிற்சிக் கட்டுரையாக வந்துபோகும். இந்தத் தொழிலுக்கு விளையாட்டும் தெரிய வேண்டும், செய்தி எழுதவும் தெரிய வேண்டும். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஒன்றைத்தான் கல்லூரி கற்றுக்கொடுக்கும். மற்றதை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். தனக்கு எது குறைவு என்று தெரிந்தவருக்குப் பாதி முடிவு வீட்டிலேயே ஆகிவிடும்.

நேர்வழி, இதழியல் பட்டம். கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி பி.ஏ. இதழியல் நடத்துகிறது. 1837-ல் பள்ளியாகத் தொடங்கி, 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கல்லூரி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இன்னும் தெற்கே, பொத்தேரி நிலையத்தை ஒட்டியுள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்திலும் இதழியல், வெகுசனத் தொடர்பியல் படிப்பு உண்டு. கட்டணத்தில் இரண்டையும் ஒப்பிடும்போது, சேரப்போகும் பிரிவு அரசு உதவி பெறுவதா, செல்ஃப் ஃபைனான்ஸா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே வளாகத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் குடும்பத்தின் கணக்கை மாற்றிவிடும்.

இதழியல் துறை தரும் பெரிய லாபம் எழுத்துப் பயிற்சி மட்டுமல்ல, சட்டமும் கூடத்தான். விளையாட்டுப் பக்கம் என்றால் ஸ்கோர், பேட்டி, புகைப்படம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வீரர் தேர்வில் நடந்த குளறுபடி, ஊக்கமருந்துப் புகார், சங்கத் தேர்தல் தகராறு, பயிற்சியாளர் மீதான பாலியல் புகார் எல்லாம் அதே பக்கத்துச் செய்திகள்தான். 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகாருக்கு நீதி கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, விளையாட்டு நிருபர்கள் எஃப்.ஐ.ஆர். படிக்க வேண்டியிருந்தது. அவதூறுச் சட்டம் எங்கே தொடங்குகிறது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் ஒரு மைதானத்தின் செலவுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் மைதானத்தில் தானாக வந்துவிடாது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது விளையாட்டுப் பல்கலைக்கழகம். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. உடற்கல்வி, விளையாட்டு மேலாண்மை, விளையாட்டு உளவியல், உடற்பயிற்சி உடலியங்கியல், யோகா போன்றவை இங்கே பாடங்கள். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும் இதன் கீழ் வருகிறது. நிருபராக விரும்புபவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

ஒரு மாவட்டத் தடகளப் போட்டியின் முடிவுத் தாள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 100 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம், நேரம் பழைய சாதனையைவிடக் குறைவு. பக்கத்தில் சின்ன எழுத்தில் +2.3 என்று இருக்கிறது. விவரம் தெரியாதவர் ‘புதிய சாதனை’ என்று தலைப்புப் போட்டுவிடுவார். முதுகுப் பக்கமிருந்து அடித்த காற்றின் வேகம் அது. வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைப் பட்டியலில் ஏறாது. வெற்றி உண்டு, சாதனை கிடையாது. கபடியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரெய்டரை மடக்கினால் அது சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. இது தெரியாதவர் கடைசி நிமிடத்தில் ஆட்டம் திரும்பியதைப் பார்த்தும் எழுத முடியாமல் நிற்பார். உடற்கல்வி படித்தவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பி.பி.எட். என்பது முதன்மையாக உடற்கல்வி ஆசிரியரை உருவாக்கும் படிப்பு. அங்கே யாரும் மாணவர் எழுதிய காப்பியைத் திருத்தித் தர மாட்டார்கள். எழுத்தில் ஏற்கெனவே கை பழகியவருக்கே இந்த வழி பொருந்தும். நடுவழியில் மனம் மாறினாலும் ஆசிரியர் வேலைக்கான தகுதி கையில் இருக்கும் என்பது பெற்றோருக்குப் பிடித்த அம்சம்.

விஸ்காம் படிப்பு பல்லாவரம், வேளச்சேரி, காட்டாங்கொளத்தூர் எனப் பல இடங்களில் கிடைக்கிறது. கேமரா, எடிட்டிங், ஒலி கைவசமாகும். கிளப் அணிகளின் வீடியோ குழுக்களுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் இது நல்ல வாசல். ஆனால் அணி நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கி அணியைப் படம் பிடிப்பது விளம்பர வேலை. அதை இதழியல் என்று எண்ணிக்கொண்டு சேர்பவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

அதிகம் யோசிக்கத்தக்க வழி, பிடித்த பாடத்தில் ஒரு பட்டம் வாங்கிவிட்டுப் பிறகு முதுநிலையில் இதழியலுக்கு வருவது. பொருளாதாரமோ புள்ளியியலோ படித்தவர் ஐ.பி.எல். ஏலத்தையும் ஒளிபரப்பு உரிமைக் கணக்கையும் மற்றவர்களைவிடத் தெளிவாக எழுத முடியும். தரமணியில் உள்ள ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 2000-ல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்தது. ஓராண்டு முதுநிலைப் பட்டயம், நுழைவுத் தேர்வு, ஆங்கிலவழி. கோட்டூர்புரத்தில் தமிழக அரசு 2025-ல் தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம் தருவதும் பட்டயப் படிப்புதான். தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை முதுகலைப் பட்டம் தருகிறது. பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாடு செய்தி அறையில் யாருக்கும் உறைக்காது. பின்னாளில் நெட் தேர்வு எழுதிக் கல்லூரியில் பாடம் நடத்த ஆசைப்பட்டால்தான் முதுகலைப் பட்டம் இல்லாத குறை தெரியும். வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோவின் அஞ்சல்வழி இதழியல் படிப்பு உண்டு. சான்றிதழ் கிடைக்கும், தினசரிப் பயிற்சி கிடைக்காது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வசதி, சேப்பாக்கம் மைதானம் கூப்பிடு தூரத்தில் இருப்பது. இந்தத் தொழிலின் கஷ்டம் என்ன என்பதற்கு அந்த மைதானமே பாடம். 1986 செப்டம்பர் 22 அன்று அங்கே நடந்த கிரிக்கெட் டெஸ்டில் ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. இந்தியா 347-ல் நின்றபோது, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் டை. இந்தியா வென்றது என்றோ, போராடித் தோற்றது என்றோ, டிரா ஆனது என்றோ முன்கூட்டியே எழுதிவைத்த எந்த இன்ட்ரோவும் அன்று உதவியிருக்காது. பக்கம் முடியும் நேரம் மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போகாது. எழுதியதை அடித்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் வேறு எழுதும் பழக்கத்தை எந்தத் துறை ஏற்படுத்துகிறது என்பதே கல்லூரிகளை ஒப்பிட நல்ல அளவுகோல். அதை விளம்பரப் புத்தகத்தில் பார்க்க முடியாது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், ஆசிரியர் திருத்திக் கொடுத்த காப்பியைக் காட்டச் சொல்ல வேண்டும். சிவப்பு மையே இல்லாத தாளில் மதிப்பெண் மட்டும் இருந்தால், அங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்று பொருள். மாணவர்கள் நடத்தும் பயிற்சி இதழ் மாதம் தவறாமல் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

மொழியையும் சேரும் முன்பே தீர்மானிப்பது நல்லது. ஆங்கிலவழித் துறையில் படித்துத் தமிழ் டெஸ்க்கில் சேர்பவர் முதல் ஆறு மாதம் தடுமாறுவது வழக்கம். தமிழிலும் ஒரே வழக்கு கிடையாது. இங்கே கால்பந்து என்பதை யாழ்ப்பாணத்து நாளிதழ் உதைபந்தாட்டம் என்று எழுதும். நம் பேட்டிங் அங்கே துடுப்பாட்டம்.

கல்லூரி கொடுக்காத பாதியைத் தேட இந்த வட்டாரம் வசதியானது. குரு நானக் கல்லூரி மைதானம், ஐ.ஐ.டி. கெம்பிளாஸ்ட் மைதானம், காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரி மைதானம் ஆகியவற்றில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் (டி.என்.சி.ஏ.) லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. வேளச்சேரியில் நீச்சல் வளாகம் இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா சைக்கிள் போட்டிகள் மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் நடந்தன. பெரிய போட்டிக்கு அனுமதி அட்டை கேட்டால் மாணவருக்குக் கிடைப்பது அபூர்வம். லீக் ஆட்டத்துக்கு அட்டை தேவையில்லை; ஸ்கோரர் பக்கத்தில் அமர்ந்து ஸ்கோர் புத்தகம் எழுதக் கற்றுக்கொண்டால் ஒரு பருவம் முழுக்க எழுத ஆட்டங்கள் உண்டு.

விடுதியில் தங்குபவர்கள் கேட் மூடும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஐ.பி.எல். ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்கினால் முடியப் பதினொன்று தாண்டும். அதன்பின் பேட்டி முடித்து, காப்பி அனுப்பி, தாம்பரத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கதவடைக்கும் விடுதியில் இருந்தால், பயிற்சிக் காலத்தில் இரவு ஆட்டங்களெல்லாம் வேறொருவருக்குப் போய்விடும்.