விண்ணிலிருந்து நோக்கும் விழி

கருவிகளைச் செய்யவும் அவற்றைக் கையாளவும் கற்றமையால் மனிதன் உயர்ந்தான். உளியும் ஏரும் மனிதன் கையில் இருக்கும்வரை தொழில் செய்யும். கை நீங்கின் வாளா கிடக்கும். கணிப்பொறியோ அத்தகையதன்று. செய்ய வேண்டியவற்றை முறைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிட்டால், எழுதியவர் அருகில் இல்லாதபோதும் அது தன் தொழிலை நடத்தும். அவ்வாறு முறைப்படுத்தி எழுதப்பெறும் கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதும் கலையை இளைஞர் எவ்வாறு கற்கின்றனர் என்பதும், தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒளிப்படக் கருவி ஒன்று அவர்களுக்கு எவ்வாறு ஆசானாக அமைந்தது என்பதும் அறியத்தக்க செய்திகளாகும்.

மனிதருக்கு இடும் கட்டளை வேறு. பொறிக்கு இடும் கட்டளை வேறு. “திண்ணை விளக்கை ஏற்றிவிட்டு வா” என்று ஒரு சிறுவனை ஏவினால், விளக்கில் எண்ணெய் இல்லையாயின் அவன் வார்ப்பான். தீப்பெட்டி கண்ணில் படாவிடின் தேடி எடுப்பான். விளக்கு முன்னரே எரிந்துகொண்டிருந்தால் வறிதே திரும்புவான். சொல்லாதவற்றைத் தன் அறிவால் நிரப்பிக்கொள்வது மனித இயல்பு. பொறிக்கு அவ்வியல்பு இல்லை. அது சொன்னதைச் செய்யும். சொன்ன வரிசையில் செய்யும். சொல்லாத ஒன்றைத் தானே செய்யாது. ஆகவே, பொறிக்குக் கட்டளை எழுதுவோர் தம் எண்ணத்தை முதலில் தாமே தெளிவாக அறிதல் வேண்டும்.

இவ்வுண்மையைச் சிறுவர்க்கு எளிதில் உணர்த்த விரும்பினார் சேமோர் பேப்பர்ட் என்னும் அறிஞர். அவரும், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் முதலியோரும் அமெரிக்க நாட்டில் 1967-ஆம் ஆண்டில் ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினர். பின்னர் அம்மொழிக்குப் பணிந்து நடக்கும் சிறு பொறியொன்றும் செய்யப்பெற்றது. அதனை ‘ஆமை’ என்று அழைத்தனர். “முன்னே 100 அலகு செல்”, “வலப்புறம் 90 பாகை திரும்பு” என்னும் கட்டளைகளை ஏற்று அவ்வாமை தரையில் ஊர்ந்து செல்லும். தன்னிடம் உள்ள எழுதுகோலால் சென்ற வழியெல்லாம் கோடு இழுக்கும். இவ்விரு கட்டளைகளையும் நான்கு முறை இட்டால் ஒரு சதுரம் தோன்றும்.

சமபக்க முக்கோணம் வரைய விரும்பும் சிறுவன், அதன் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை என்பதை நினைந்து, ஒவ்வொரு மூலையிலும் 60 பாகை திரும்புமாறு ஏவுவான். ஆமை அவ்வாறே செய்யும். ஆயினும், மூன்று கோடுகளும் கூடி முக்கோணமாகாமல் அறுகோணத்தின் பாதியாக நின்றுவிடும். சிறுவன் திகைப்பான், பிறகு தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்ப்பான். மூலையில் தான் திரும்ப வேண்டிய அளவு உட்கோணம் அன்று, 120 பாகையாகிய புறக்கோணமே என்பதை அப்போது காண்பான். இவ்வாறு பிழையைத் தேடித் திருத்துவதே கல்வியின் உயிர்நிலை என்பது பேப்பர்ட்டின் கொள்கை. 1980-இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் தம் நூலில் அவர் இதனை விரித்துரைத்தார்.

ஆமை சிறுவனின் காலடியில் ஊர்ந்தது. அது வழி தவறியதை அவன் உடனே கண்டான்; உடனே திருத்தினான். ஆனால், ஏவப்பெறும் பொறி எட்டாத் தொலைவில் இருந்தால் என்ன செய்வது? பிழை நேர்ந்த கணத்தில் அங்குச் சென்று பார்க்க இயலாது. கை நீட்டி நிறுத்தவும் இயலாது. அந்நிலையில் கற்போன் இன்னும் ஒரு படி உயர வேண்டியவனாகிறான்.

அப்படிக்கு இளைஞரை அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர் சாலி ரைட் அம்மையார். 1983-இல் விண்வெளிக்குச் சென்ற இவரே அமெரிக்கப் பெண்களுள் முதன்முதல் அங்குச் சென்றவர். பள்ளி மாணவர் விண்வெளியிலிருந்து புவியை ஒளிப்படம் எடுக்க வேண்டும் என்று அவர் விழைந்தார். 1996-இல் விண்வெளி ஓடம் ஒன்றில் மாணவர்க்கெனக் காமிரா ஒன்று வைக்கப்பெற்றது. 2001-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் சாளரத்தருகே அத்தகைய கருவி பணிபுரிந்தது. மாணவர் தாம் காண விரும்பும் இடத்தைத் தேர்ந்து, அவ்விடத்தின்மேல் நிலையம் செல்லும் நேரத்தைக் கணக்கிட்டு, இணையத்தின் வழியே விண்ணப்பம் அனுப்பினர். நிலையத்தின் நிழல்போல் அதற்கு நேர்கீழே தரையில் நகரும் புள்ளி, வினாடிக்கு ஏறத்தாழ 7.2 கிலோமீட்டர் செல்கிறது. கணக்கில் ஒரு நிமிடம் தவறினால், படம் 430 கிலோமீட்டர் தள்ளி விழும்! மலையை நாடியவன் கடலைக் காண்பான். காலக் கணக்கின் அருமையை இதனினும் தெளிவாக எப்பாடம் உணர்த்த இயலும்?

இத்திட்டத்தில் மாணவர் அனுப்பியவை இடமும் நேரமுமே. கருவியை இயக்கிய நிரலைப் பிறர் எழுதினர். மாணவர் எழுதிய நிரலையே விண்ணுக்கு அனுப்பும் முயற்சி ஒன்று 2015-இல் தொடங்கியது. ஐரோப்பிய விண்வெளி முகமையும், இங்கிலாந்தில் உள்ள ராஸ்பெரி பை அறக்கட்டளையும் இதில் ஒன்று சேர்ந்தன. அவ்வறக்கட்டளையினர், உள்ளங்கையில் அடங்கும் மலிவான கணிப்பொறி ஒன்றைக் கல்வியின் பொருட்டு 2012-இல் வெளியிட்டிருந்தனர். அத்தகைய கணிப்பொறிகள் இரண்டு, 2015 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பெற்றன. அதே திங்களில் அங்குச் சென்ற டிம் பீக் என்னும் ஆங்கில வீரர் அவற்றை இயக்கிவைத்தார். ‘ஆஸ்ட்ரோ பை’ என்பது அவற்றின் பெயர்.

அக்கணிப்பொறிகளின் உறையே ஒரு பாடமாகும். தரையில் சூடேறிய காற்று மேலெழும். குளிர்ந்த காற்று அதனிடத்தை நிரப்பும். அதனால் கருவி குளிரும். விண்வெளி நிலையத்திலோ எடையின்மையால் சூடான காற்று மேலெழுவதில்லை. ஆகவே, வெப்பத்தை எளிதில் கடத்தும் அலுமினியத்தால் முனைகள் பல நீட்டிய உறை ஒன்று அமைக்கப்பெற்றது. வீரர் கை பட்டால் சுடாதிருக்க, அதன் மேற்பரப்பின் வெப்பநிலை 45 பாகையைத் தாண்டலாகாது என்பது விதி. உள்ளே ஒளிப்படக் கருவியும், வெப்பம், ஈரம், காற்றழுத்தம், அசைவு, காந்தப் புலம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளும் உள்ளன. 2021 டிசம்பரில் ஆற்றல் மிக்க புதிய கணிப்பொறிகள் இரண்டு மேலே சென்றன. நிக்கோலா டெஸ்லா, மேரி கியூரி என்னும் அறிஞர்களின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பெற்றன.

மாணவர் குழுவாகக் கூடிப் ‘பைத்தான்’ என்னும் மொழியில் நிரல் எழுதுவர். அவர்களுக்கு அளிக்கப்பெற்ற பணிகளுள் ஒன்று, நிலையத்தின் வேகத்தைக் கண்டறிவது. அதற்கு ஒளிப்படக் கருவி எவ்வாறு உதவும் என்பதைப் பார்ப்போம். 10 வினாடி இடைவெளியில் இரண்டு படங்களை எடுக்குமாறு நிரல் ஏவுகிறது. ஆற்று வளைவு, தீவின் முனை போன்ற அடையாளங்களை இரு படங்களிலும் கண்டு, அவை எத்துணைப் படப்புள்ளிகள் நகர்ந்துள்ளன என்று எண்ணுகிறது. ஒரு படப்புள்ளி தரையில் 126 மீட்டரைக் குறிக்கிறது என்றும், அடையாளங்கள் 570 புள்ளிகள் நகர்ந்தன என்றும் கொள்வோம். தரையில் கடந்த தொலைவு ஏறத்தாழ 71.8 கிலோமீட்டர்; ஆகவே, தரையளவில் வேகம் வினாடிக்கு 7.18 கிலோமீட்டர். ஆனால், நிலையம் சுற்றும் வட்டம் புவியின் வட்டத்தினும் பெரிது. புவியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நிலையத்தின் பாதைக்கு ஆரம் 6,771 கிலோமீட்டர். அவ்விகிதத்தால் பெருக்கினால் வினாடிக்கு 7.63 கிலோமீட்டர் என்னும் விடை கிடைக்கிறது. நிலையத்தின் உண்மை வேகமும் ஏறத்தாழ இதுவே. வகுப்பறையில் பயின்ற வடிவகணிதம் விண்ணில் பயன்படுவதைக் கண்டு மாணவர் மகிழாதிருப்பரோ?

இக்கணக்கு தாளில் எளிது. நிரலில் எழுதும்போதுதான் இடர்ப்பாடுகள் தோன்றும். நிலையம் ஏறத்தாழ 93 நிமிடங்களில் புவியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதனுள் பகலும் இரவும் மாறி மாறி வரும். முன்னாளில் நிரல்களுக்கு 3 மணி நேரம் தரப்பெற்றது. இருளில் எடுத்த கரும்படங்களை விலக்க அறியாத நிரல், தன் நினைவகத்தை வீணே நிரப்பிக்கொள்ளும். பிற்காலத்தில் வேகம் அறியும் பணிக்கு 10 நிமிடங்களே அளிக்கப்பெற்றன. அவ்வளவில் தானே முடியாத நிரல் குறையுடையது. அகன்ற கடலின்மேல் செல்லும்போது அடையாளமே கிடைக்காது; தரையை மறைக்கும் மேகமே அங்கு அடையாளமாகி உதவும். ஒருபோலத் தோன்றும் இரண்டு இடங்களை ஒன்றென மயங்கி நிரல் தவறாக எண்ணுவதும் உண்டு. ஆதலால் பலமுறை அளந்து, பொருந்தா அளவுகளை நீக்கி, சராசரி காண வேண்டும். ஒரு படம் எடுக்கத் தவறினாலும் நிரல் நின்றுவிடாமல், தவற்றைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

இவையனைத்தையும் நிரல் புறப்படுமுன்னரே எண்ணுதல் வேண்டும். ஏனெனில், நிரல் செல்லும் வழி நீண்டது. மாணவர் இணையத்தின் வழியே அனுப்பும் நிரலை வல்லுநர் தரையில் உள்ள அதே வகைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்ப்பர். தேர்ச்சி பெற்ற நிரலே மேலே செல்லத் தகுதி பெறும். விண்வெளி நிலையத்துக்கும் தரைக்கும் இடையே செய்திகளை எடுத்துச் செல்பவை, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அஞ்சல் துணைக்கோள்கள். தரையிலிருந்து எழும் செய்தி அத்துணைக்கோளை அடைந்து, அங்கிருந்து கீழே நிலையத்துக்கு இறங்கும். எடுத்த படங்களும் அளவுகளும் பிறகு தரைக்கு வந்து மாணவரைச் சேரும். நிரல் ஓடும்பொழுது அது வலையமைப்பை நாடலாகாது என்பதும் விதி. அவ்வேளையில் எழுதியவர் அதற்கு ஒரு சொல்லும் சொல்ல இயலாது. அது தரையிலிருந்து ஓர் ஐயமும் கேட்க இயலாது. எழுதியவர் பள்ளியில் அமர்ந்திருக்கலாம், உறங்கிக்கொண்டும் இருக்கலாம். அங்கு அவருக்காகத் தொழிற்படுவது அவருடைய முன்னறிவு ஒன்றே.

தொலைவில் உள்ள பொறியை ஏவிக் கற்பதன் தனிப்பயன் இதுவே. அருகில் உள்ள பொறி பொறுமையைக் கற்பிக்கும். பிழைத்தால் மீண்டும் முயலலாம் என்னும் துணிவைத் தரும். தொலைவில் உள்ள பொறியோ முன்னெச்சரிக்கையைக் கற்பிக்கும், “இது தவறினால் என்ன ஆகும்?” என்னும் வினாவை ஒவ்வொரு வரியிலும் எழுப்பும். இரண்டும் நிரல் எழுதுவோர்க்கு இன்றியமையாதவை. மருத்துவமனையில் நோயாளியின் மூச்சை நடத்தும் பொறியும் ஒரு நிரலால் இயங்குகிறது. வானூர்தியின் போக்கைக் காக்கும் பொறியும் ஒரு நிரலால் இயங்குகிறது. அவற்றை எழுதியோர் நோயாளியின் கட்டிலருகே நிற்பதில்லை. பயணிகளுடன் பறப்பதும் இல்லை. அவர்கள் முன்கூட்டி எண்ணிய அளவே அங்குள்ளோர்க்குக் காப்பாகிறது.

விண்ணில் சுழலும் அவ்விழி தானாக எதனையும் எண்ணுவதன்று. கீழே ஒரு மாணவன் முன்னரே எண்ணியதை மட்டுமே அது நோக்கும். ஒருநாள் அது நோக்கிய படங்கள் அவன் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் ஆறுகளும் மலைகளும் காணப்படும். இருண்டு வீணான படங்களும் சில காணப்படும். தெளிந்த படங்கள் அவன் எண்ணிப் பார்த்தவற்றைக் காட்டும். இருண்ட படங்கள் அவன் எண்ணத் தவறியவற்றைக் காட்டும். இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்பவனே அடுத்த நிரலைச் செம்மையாக எழுதுவான்.