மூளைக் கட்டி: யாருக்கு எந்தச் சிகிச்சை?

ஸ்கேனில் கட்டி என்று தெரிந்ததும் கல்முனைப் பக்க வீடுகளில் எழும் முதல் பேச்சு, கொழும்பா சென்னையா என்பதுதான். அதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: என்ன வகை, எந்த இடம், எவ்வளவு வேகமாக வளர்கிறது?

பார்த்திருத்தல்: மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயல்ல. சிறிதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். இது வைத்தியர் கைவிட்டதல்ல. ஆனால் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.

குளிசை: பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரொலக்டினோமா, கபர்கோலின் குளிசையிலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும்.

சத்திரசிகிச்சை: பெரிய கட்டிக்கும், பார்வையையோ கைகாலையோ பாதிக்கும் கட்டிக்கும் பெரும்பாலும் இதுவே முதல் வழி. எடுத்த திசுவின் அறிக்கை வந்த பிறகே அடுத்த படி தெளிவாகும். பேச்சு, நடையை ஆளும் இடமென்றால் ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள்.

கதிர்வீச்சும் கீமோவும்: வேகமாக வளரும் மூளைப் புற்றுநோயான 4ஆம் தரக் கிளியோபிளாஸ்டோமாவுக்குச் சத்திரசிகிச்சையோடு வேலை முடியாது. வழமையாக 6 வாரத்தில் 30 தடவை கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைட் என்ற கீமோ மருந்து. இது ஆயுளை நீட்டும். முற்றாகக் குணமாவது மிக அரிது. கதிரைக் கட்டியில் மட்டும் குவிக்கும் காமா நைஃப் பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கே பொருந்தும்.

எங்கே? கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் மூளைச் சத்திரசிகிச்சையும், மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சும் இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. தொடர்சிகிச்சையை அங்கே பெறலாமா என்று கேளுங்கள். சென்னையில் 2019 முதல் இயங்கும் அப்பல்லோ புரோட்டோன் கதிர்வீச்சு நிலையம் சில சிறுவர் கட்டிகளுக்குப் பயன்படலாம். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழமையான கதிர்வீச்சை விட அது மேலென்று நிரூபணமில்லை. காணியை விற்கும் முன் அறிக்கையையும் ஸ்கேன் சீடியையும் இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள்.

நோன்பு காலம்: வலிப்புக் குளிசையையும் வீக்கம் குறைக்கும் டெக்சாமெதசோனையும் சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் ஏற்ப நீங்களாக மாற்றாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிராபத்து. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் பேசுங்கள்.

காலையில் வாந்தியோடு கூடிய, நாளுக்கு நாள் கூடும் தலையிடி, வளர்ந்தவருக்கு முதல் முறை வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி: இவற்றில் எது வந்தாலும் ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல், அன்றைக்கே அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள்.